மூன்று கோடு போட்ட மேகசின்

மார்ச் 3

துப்பாக்கிப் பழுதுபார்க்கும் பட்டறையின் உரிமையாளர் அவர்களுக்கு,

என் கை தளர்ந்துவிட்டது என்று துப்பாக்கிசுடும் கிளப்பில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. கோடு போடாத தாளில் இதை எழுதுகிறேன்; ஒரு வரியாவது ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எனக்கு எழுபத்தொரு வயது என்பது உண்மை. என் பிஸ்டல் தோட்டாவை விழுங்க மறுக்கிறது என்பதும் உண்மை. முதலாவதால் இரண்டாவது நடக்கிறது என்பதுதான் பொய்.

இரண்டு ஆண்டு முன்பு காலமான என் கணவரின் தம்பி நீங்கள் என்பதை நான் மறக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக நமக்குள் பேச்சு இல்லை என்பதையும் மறக்கவில்லை. இதை ஒரு வாடிக்கையாளராக மட்டுமே எழுதுகிறேன். உங்கள் அண்ணன் போன பிறகு இந்த மாடலைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை என்று விசாரித்து உறுதி செய்துகொண்டபின்தான் பேனாவை எடுத்தேன்.

நடந்தது இது. சென்ற மாதப் போட்டியில் ஐந்து தோட்டா கொண்ட சுற்றில் மூன்றாவது சுட்டபின் நான்காவது ஏறவில்லை. குண்டின் மூக்கு, குழலின் வாயில் நுழையாமல் அதற்குக் கீழே முட்டி நின்றது. மேலே முன்னும் பின்னும் ஓடவேண்டிய ஸ்லைடு பாதி மூடியபடி நின்றுவிட்டது. ஒரு முறை சிக்கினால் மறுபடி சுட அனுமதி உண்டு. மறுபடியும் சிக்கியது. மீதி இரண்டும் பூஜ்யம்.

செயலாளர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "அம்மா, துப்பாக்கி பின்னால உதைக்கும்போது பிடி கெட்டியா இருக்கணும். பிடி தளர்ந்தா ஸ்லைடு முழுசா போய்ட்டு வராது. அது துப்பாக்கி தப்பு இல்லம்மா, வயசு தப்பு. வீட்ல ஜம்முனு உட்கார்ந்து டிவி பாருங்களேன்."

அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான் போடாமல் இருந்ததை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 15 அன்று குழு என்னைச் சோதிக்கப் போகிறது. தேறாவிட்டால் சுடுதளத்தின் ஐந்தாம் தடத்தில் எனக்கு இனி இடமில்லை. முப்பத்தோராண்டுகளாக நான் நிற்கும் தடம் அது. காரணம் என்னவென்று எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஐந்தாம் தடத்து உறுப்பினர்


மார்ச் 9

அண்ணிக்கு,

வாடிக்கையாளர் என்று எழுதினால் வாடிக்கையாளர் ஆகிவிடுவீர்களா? நீங்கள் கல்யாணமாகி வந்த அன்று எனக்குப் பதினாறு வயது. என் சட்டையில் எத்தனை பொத்தான் இருக்கிறது என்று அன்றைக்கே எண்ணியவர் நீங்கள். அந்தச் செயலாளரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

வரி ஏறவில்லை, இறங்கவில்லை. பார்த்தேன். கை நன்றாக இருக்கிறது.

எடுத்த எடுப்பில் கையைக் குறை சொல்லும் வைத்தியனை நம்பாதீர்கள். கை கடைசியில் பார்க்கவேண்டிய விஷயம். பதினெட்டு வருஷம் முன்னால் எனக்கும் அதே வைத்தியம்தான் பார்த்தார்கள். சரி, அது போகட்டும்.

இந்தச் சின்னத் தோட்டா ஒரு வம்புக்கார ஜாதி. குண்டின்மேல் மெழுகு பூசியிருப்பான். அந்த மெழுகும் ஈயமும் புகையும் சேர்ந்து குழலின் வாயில் ஒரு வளையமாகக் கட்டிக்கொள்ளும். முதலில் அதைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுங்கள். அடுத்து, தோட்டாவின் அடியில் விளிம்பு இருக்கிறது இல்லையா, மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில், போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்காரவேண்டும். பின்னால் போய்விட்டால் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு வராது. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களும் அவசரத்தில் செய்கிற தப்பு என்பதால் சொல்கிறேன். கோபிக்கவேண்டாம்.

பிறகு மேகசின்களுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது சுட்டுப் பாருங்கள். எது எங்கே சிக்குகிறது, மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, எழுதிவையுங்கள். வேறு யாரையாவது, நல்ல தடியான ஆளாக, அதே துப்பாக்கியில் சுடச் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அண்ணன் சொல்லிக்கொடுத்தது.

தம்பி


மார்ச் 16

பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவசரத்தில் நான் எதையும் செய்வதில்லை. கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு ஆண்டு படித்தவள். சாப்பிடும்போது கரண்டி தட்டில் பட்டு ஓசை எழுந்தாலும் எழுந்து நிற்கவைப்பார்கள். விளிம்புகளைச் சரியாகத்தான் அடுக்குகிறேன்.

சோதனையின் முடிவு: குழலின் வாயில் நீங்கள் சொன்ன வளையம் இருந்தது. எடுத்துவிட்டேன். பலனில்லை. தோட்டாவை வேறு பெட்டிக்கு மாற்றினேன். பலனில்லை. முதல் மேகசினில் ஐம்பது சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. இரண்டாவதில் ஐம்பது சுட்டேன். பதினோரு முறை சிக்கியது. பதினோரு முறையும் மூக்கு கீழே சாய்ந்து சற்று வலப்பக்கம் திரும்பியிருந்தது.

ஆறாம் தடத்துப் பல் டாக்டரை அழைத்து இரண்டாவது மேகசினைக் கொடுத்தேன். அவர் கதவு நிலையை மறைக்கிற அளவு ஆள். இரண்டாவது குண்டிலேயே சிக்கியது. "ஐயையோ, எனக்கும் வயசாயிடுச்சா? கையும் போச்சா? அப்போ நாளைக்கு எவன்மா பல்லைப் பிடுங்குறது?" என்று சுடுதளமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். செயலாளர் மட்டும் திரும்பவில்லை.

ஆகவே குறை இரண்டாவது மேகசினில். அது என்னுடையது அல்ல. என்னுடைய இரண்டில் ஒன்று கல் தரையில் விழுந்து அடித்தட்டு உடைந்துவிட்டது. மாற்று ஏதாவது இருக்குமா என்று ஜனவரியில் உங்கள் அண்ணனின் கருவிப் பெட்டியை, அவர் போன பிறகு முதன்முறையாக, திறந்தேன். பெட்டியின் அடியில் துணி சுற்றி இது இருந்தது. எண்ணெய் போட்டு, துரு ஒரு பொட்டுக்கூட இல்லாமல். அவர் வைத்த பொருள் என்பதால் சோதிக்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய விஷயத்தை நீங்களாகவே இழுத்திருக்கிறீர்கள். ஆண் பெண் இருவருக்கும் பொதுவான அந்த இறுதிப் போட்டியில் உங்கள் துப்பாக்கி சிக்கியது. நான் வென்றேன். உங்கள் மேகசினை யாரோ தொட்டுவிட்டார்கள் என்று கத்தினீர்கள். ஆயுதப் பரிசோதகர் என்ற முறையில் உங்கள் அண்ணன் அதை வாங்கிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை, பிடி தளர்ந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். சொந்தத் தம்பி என்றும் பாராமல் சொன்னார். ஊரே அவரைத் 'தராசு' என்று அழைத்தது வீணாக அல்ல. நான் அவர் தீர்ப்பைத்தான் திருப்பிச் சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி


மார்ச் 21

அண்ணி,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

அந்த இரண்டாவது மேகசினின் அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க ஓரத்தில், எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டு, ஏதாவது குறி இருக்கிறதா? மேல்வாயில் தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு உதடுகள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளியை வெர்னியர் அளவுகோலால் அளந்து எழுதுங்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நீங்களாக எதையும் வளைக்கவேண்டாம்.

பதிலைச் சீக்கிரம் போடுங்கள்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

குறி இருக்கிறது. அரத்தால் கீறிய மூன்று சின்னக் கோடுகள், சாய்வாக. அளவு: நல்ல மேகசினில் இரண்டு உதடுகளும் சமம். இதில் இடப்பக்க உதடு, முன்னால் அரை மில்லிமீட்டருக்கும் மேல் உள்ளே அழுந்தியிருக்கிறது. வலப்பக்கம் சரியாக இருக்கிறது.

குறி இருக்கிறதா என்று ஏன் கேட்டாய்? காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாமல் கேள்வி கேட்பது உன் வழக்கமல்ல. சோதனைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணி,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பட்டறையில் வேலை அதிகம்.

குறை ஸ்பிரிங்கில்தான். பழைய ஸ்பிரிங், வலு இல்லை, தோட்டாவை மேலே தள்ளமாட்டேன் என்கிறது. அவ்வளவுதான். இத்துடன் புதிய மேகசின் ஒன்று அனுப்பியிருக்கிறேன். நானே நூறு சுட்டுப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி ஓடுகிறது. 15ஆம் தேதி இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பழையதை எனக்கு அனுப்பிவிடுங்கள், அல்லது தூக்கிப் போட்டுவிடுங்கள். யாரிடமும் காட்டவேண்டாம், பழைய சாமானைக் காட்டினால் செயலாளர் அதையும் வயசுக் கணக்கில் சேர்ப்பார்.

நன்றாகச் சுடுங்கள்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

உனக்குப் பொய் சொல்ல வராது. இருபது வயதிலும் வரவில்லை, ஐம்பத்தெட்டிலும் வரவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று எழுதியவன் நீ. மாற்றினேன். இரண்டாவதின் ஸ்பிரிங்கைக் கழற்றி நல்ல மேகசினில் போட்டேன். முப்பது சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. நல்ல ஸ்பிரிங்கை இரண்டாவதில் போட்டேன், ஐந்தாவதிலேயே சிக்கியது. குறை ஸ்பிரிங்கோடு போகவில்லை. உதட்டோடு தங்கிவிட்டது.

அதன்பின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனேன். அழுந்திய உதட்டின் வெளிப்பக்கம் பல்தடம் இருக்கிறது. வரிசையாகச் சின்னப் பற்கள், நடுவில் ஒரு பல் மட்டும் இல்லை. உன் அண்ணனின் தட்டைமூக்குக் குறடு பெட்டியின் மேல்தட்டில் இருந்தது. அதில் நடுப் பல் ஒன்று உடைந்திருக்கும். கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றும்போது உடைந்தது, என் கண்முன்னே. அந்தக் குறட்டை உதட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தபிறகுதான் எழுந்தேன். என் சமையலறையில் பால் பொங்கி வழிந்ததே இல்லை.

அந்த இறுதிப் போட்டியன்று நீ குழுவின் மேசைமேல் கையை அடித்துச் சொன்னது இப்போதுதான் காதில் கேட்கிறது: "என் மேகசின்ல மூணு கோடு இருக்கும், நானே போட்டது. அதைக் கொண்டாங்க, எல்லார் முன்னாலயும் பார்க்கலாம்!" உன் அண்ணன் சொன்னார், பார்த்துவிட்டேன், குறை இல்லை, குப்பையில் போட்டுவிட்டேன் என்று. நீ அழுதாய். நாற்பது வயது ஆண்பிள்ளை அழுவது அசிங்கம் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல், நம் வீட்டு வாசலில் வைத்து, "தோத்ததுக்கு ஒரு காரணம் வேணும், அதுக்கு வீட்டு மனுஷங்க மேலயா பழி போடுவே? வெளிய போ" என்றேன். நீ போனாய்.

இன்னொன்றும் பார்த்தேன். அதைச் சுற்றியிருந்த துணி. நீலக் கட்டம் போட்ட ஃபிளானல். என்னுடைய பழைய சட்டை அது. அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் நான் அதைக் கிழித்துத் துடைக்கும் துணியாகப் போட்டேன். அப்படியென்றால் அத்தனை ஆண்டும் அது பெட்டியடியில் சும்மா கிடக்கவில்லை. அவர் அதை எடுத்திருக்கிறார். எண்ணெய் போட்டிருக்கிறார். துணி மாற்றியிருக்கிறார். நான் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

இது உன்னுடையதா? உனக்கு அன்றே தெரியுமா? நேராக எழுது. தொலைபேசியில் அழைக்காதே. நேற்று அழைத்தது நீதான் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை. என் குரலை என்னால் நம்பமுடியவில்லை.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி,

என்னுடையதுதான். மன்னித்துவிடுங்கள். என்னுடையது என்றதற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

அன்றைக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. காலையில் பரிசோதனை மேசையில் என் மேகசினை அண்ணன் வாங்கினார். உள் அறைக்கு எடுத்துப்போய், வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு நிமிஷத்தில் வந்தார். "போடா, நல்லா சுடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி என்று சலுகை காட்டக்கூடாதென்று விறைப்பாக இருக்கிறார் என நினைத்துக்கொண்டேன். பிறகு சந்தேகம் வந்தது. ஆனால் அண்ணனைச் சந்தேகப்படுவதைவிட என் கையைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. அதற்குப்பிறகு நான் போட்டியில் சுட்டதே இல்லை. பழுதுபார்த்த துப்பாக்கியில் நாலு குண்டு சுட்டுப் பார்ப்பேன், அதோடு சரி; உங்கள் மேகசினுக்காகத்தான் நூறு சுட்டேன். நான்காவது ஏறும்போது இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும்.

ஜெயிப்பவருக்கு நாட்டு அணியில் ஒரே ஓர் இடம் இருந்தது. உங்களுக்கு ஐம்பது கடந்துவிட்டது, அதுதான் கடைசி வாய்ப்பு. எனக்கு இன்னும் வருஷம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பார். உங்களுக்காகத்தான் செய்திருப்பார் அண்ணி. கெட்டவர் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குழுவில் எதுவும் சொல்லாதீர்கள். அவர் படம் அந்தப் பரிசோதனை மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறதாமே. மாட்டியபடியே இருக்கட்டும். அடக்கத்துக்கு நீங்கள் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நான் வந்தேன். எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனேன். அவரிடம் எனக்கு இருந்த கோபத்தை அங்கேயே விட்டுவிட்டேன். திருப்பி எடுக்கவைக்காதீர்கள்.

புதிய மேகசினோடு போங்கள். சுடுங்கள். ஸ்பிரிங் பழசு என்று சொல்லுங்கள்.

தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

15ஆம் தேதி நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

குழுவில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீ அனுப்பிய மேகசினில் ஐம்பது சுட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. நானூற்று எழுபத்து மூன்று புள்ளி. பல் டாக்டர் கைதட்டி, "செயலாளர் சார், அடுத்து நீங்க சுடுங்க, பிடி எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார். செயலாளர் சிரித்து மழுப்பினார். ஐந்தாம் தடம் எனக்கே என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

பிறகு செயலாளர் கேட்டார், "அப்போ என்னதான்மா கோளாறு?"

என் பைக்குள் அந்த மேகசின் இருந்தது. நீ சொன்னதைக் கேட்பதாக நான் முடிவு செய்திருக்கவில்லை. எடுத்து மேசைமேல் வைப்பதற்காகத்தான் கொண்டுபோனேன். கையைப் பைக்குள் விட்டேன். தலை நிமிர்ந்தபோது எதிரே அவர் படம். அப்போது என் வாய், என்னைக் கேட்காமல், "ஸ்பிரிங் பழசு" என்று சொன்னது.

தம்பி, நான் விக்கித்துப்போனேன். அவர் செய்ததைக் கண்டுபிடித்தபோதுகூட இப்படி ஆகவில்லை. எழுபத்தொரு ஆண்டு என்னை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பிறர் வாக்கியத்தில் ஒரு சொல் தவறினால் திருத்துகிறவள். இரண்டே சொல்லில், அவர் சாகும்வரை செய்ததை நானும் செய்துவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு எளிது அது! அவருக்கும் அன்று இவ்வளவு எளிதாகத்தான் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து கைப்பையைக் கழற்றாமலே முன்னறையில் நின்றேன். அலமாரியில், அந்த இறுதிப் போட்டியில் நான் வாங்கிய வெள்ளிக் கோப்பை. வாரம் ஒருமுறை நான் துலக்குவேன். அவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. என்னுடைய பெருமை, நான்தான் தொடவேண்டும் என்று விட்டுவைக்கிறார் என எண்ணியிருந்தேன்.

எனக்காகச் செய்தார் என்று எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்காமல் எனக்காக. அன்று நான் சுட்டது நல்ல சுடுதல்; அவர் அந்தக் குறட்டை எடுக்காமலிருந்தாலும் நான் வென்றிருக்கக்கூடும். தோற்றும் இருக்கலாம். எதுவென்று இனி எந்தக் காலத்திலும் எனக்குத் தெரியப்போவதில்லை. உன்னிடமிருந்து எடுத்ததை என்னிடமிருந்தும் எடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமா என்று நீ கேட்பாய். அந்த நீலக் கட்டத் துணியை இன்னும் தூக்கிப் போடவில்லை. அதற்குமேல் எனக்கே தெரியாது.

உன்னை வாசலில் நிறுத்தி வெளியே போகச் சொன்னது நான். அது அவர் தவறல்ல, என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மருந்துக்கடை வாசலில் உன்னை நான் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பார்த்தும் கூப்பிடவில்லை.

நேற்றுக் காலை குழுவுக்குக் கடிதம் கொடுத்தேன். நகல் இத்துடன். முதல் பத்தியில், ஸ்பிரிங் பழையது என்று நான் சொன்னது பொய் என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதில், மேகசின், மூன்று கோடு, குறட்டின் தடம். மூன்றாவதில், அந்த ஆண்டின் முடிவை ரத்து செய்து வெற்றியாளர் பலகையிலிருந்து என் பெயரை எடுக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர் படத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதைக் குழு பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தெம்பில்லை.

செயலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, எழுந்து நின்று, சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். "அம்மா, இதை நான் வாங்கலைன்னு வெச்சுக்கலாமே" என்றார் மெதுவாக. வாங்கியதற்கு ஒப்புகைச் சீட்டுக் கேட்டேன். கொடுத்தார். பாதிக்கப்பட்டவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பழைய முடிவைத் தொடமுடியாது என்று விதி இருக்கிறதாம். விதிப்புத்தகத்தைப் பார்த்தேன். இருக்கிறது. அதை எழுதியவர் உன் அண்ணன்.

ஆகவே இது உன் கையில் இருக்கிறது. மே மாதம் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. என் பேச்சுக்காகச் சம்மதிக்காதே, அவர் நினைவுக்காக மறுக்காதே. உனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை இந்த வீட்டில் ஒருவரும் உன்னைக் கேட்டதில்லை. நான் கேட்கிறேன். ஐந்தாம் தடத்தை அன்று உன் பெயரில் ஒதுக்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல மேகசின் என்னிடம் இருக்கிறது.

சம்மதமா, இல்லையா என்பதை இந்த மாதம் 28ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

உன் அண்ணி